எந்தக் கப்பல்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்தப் பாதைனு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல கலாபகோஸ் தீவுகளுக்கு படகு டூர் போறத பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்துச்சு. நம்ம பாஷைல இந்த இடத்த பத்தி எழுதறவங்க ரொம்ப கம்மி, அதனால மொதல்ல நன்றி சொல்லிடறேன். ஆனா அந்தக் கட்டுரைய மட்டும் நம்பி ஒருத்தர் புக் பண்ணிட்டா, எந்தப் பிராணிய பாக்கணும்னு இத்தன தூரம் கெளம்பினாரோ அத பாக்காமலே திரும்பி வர வேண்டியிருக்கும், அத சொல்லாம இருக்க முடியல. பக்கத்துல பாதி எடத்த கப்பலோட ரூம் படமும் மொட்டமாடி நீச்சல்தொட்டி படமும் புடிச்சிருக்கு. அந்தக் கப்பல் எந்தெந்த தீவுல நிக்கும்ங்கறது ஒரு வரி கூட இல்ல. அங்க போறதுக்கு திட்டம் போடறவங்களுக்கு இருக்கற மொத கேள்வியே அதுதான்.

ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ஈக்வடார் நாட்டுக் கரையிலேருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பசிபிக் கடல்ல இருக்கற எரிமலைத் தீவுக்கூட்டம் இது, தீவுக்கு தீவு தூரம் ஜாஸ்தி, ஒரு தீவுல இருக்கற பல உயிர்கள் இன்னொரு தீவுல இருக்காது. டார்வின் 1835-ல பீகிள் கப்பல்ல வந்து அஞ்சு வாரம் சுத்திட்டு போனப்போ அவர யோசிக்க வெச்சதே இந்த விஷயந்தான். அதே விஷயம் இன்னிக்கு டூர் போறவங்களுக்கு நடைமுறைல என்ன ஆகுதுன்னா, பறக்க முடியாத நீர்க்காகம் வேணும்னா மேற்கு ஓரத்துல இருக்கற இசபெல்லா, ஃபெர்னான்டினா ரெண்டு தீவு பக்கம்தான் போகணும், உலகத்துல வேற எங்கயும் கெடையாது. அலையலையா கோடு போட்ட ஆல்பட்ராஸ்ங்கற பெரிய கடல் பறவை வேணும்னா தென்கிழக்கு மூலைல இருக்கற எஸ்பான்யோலா தீவுக்கு போகணும், அந்த இனத்துல கிட்டத்தட்ட எல்லா ஜோடியும் அங்கதான் முட்டை வெக்குது. செவப்புக் கால் பூபிங்கற கடல் பறவை கூட்டங்கூட்டமா வேணும்னா வடகிழக்குல ஹெனொவேசா தீவு. இந்த மூணும் மூணு திசை. ஒரு வாரத்துல மூணையும் தொட்டுட்டு வர்ற கப்பல தேடினீங்கன்னா கெடைக்கறது ரொம்ப கஷ்டம், கெடைச்சாலும் பாதி நேரம் எஞ்சின் சத்தத்துலதான் போகும்.

கப்பல்காரங்க இஷ்டத்துக்கு பாதைய மாத்தவும் முடியாது. பாதைய முடிவு பண்றது தேசிய பூங்கா நிர்வாகம். 2012-லேருந்து ஒரு கப்பல் ஒரே எடத்துக்கு 14 நாளைக்குள்ள ரெண்டாவது தடவை போகக்கூடாதுன்னு வெச்சுட்டாங்க, அதனால ஒவ்வொரு கப்பலுக்கும் ரெண்டு வாரச் சுத்து ஒண்ணு எழுதிக் குடுத்திருக்காங்க. கம்பெனிகள் அத ரெண்டா வெட்டி ஏ பாதை பி பாதைன்னு விக்கறாங்க, சில பேரு இன்னும் சின்னச் சின்ன துண்டா மூணா நாலா வெட்டறாங்க. அதாவது ஒரே கப்பல், ஒரே ரூம், ஒரே சமையக்காரர், ஆனா நீங்க ஏறற வாரத்த பொறுத்து மேற்கு பக்கம் போவீங்க இல்ல தெற்கும் கிழக்கும் போவீங்க. கப்பல் பேர மட்டும் பாத்து புக் பண்றது எவ்வளவு ஆபத்துன்னு இப்போ புரியுதா?

நானும் என் மனைவியும் ஒரு அக்டோபர்ல போனோம். எங்க கப்பல்ல 16 பேர், அதுல ஒரு தம்பதி ஆல்பட்ராஸ் பாக்கறதுக்குன்னே வந்திருந்தாங்க, அந்தம்மாவுக்கு பறவைன்னா உசுரு, பல வருஷமா குறிச்சு வெச்ச ஆசையாம். மாசம் சரியான மாசந்தான், ஏப்ரல்லேருந்து டிசம்பர் வரைக்கும் அந்தப் பறவை தீவுல இருக்கும், அக்டோபர்ல குஞ்சு பெருசா வளந்து நிக்கற நேரம். ஆனா நாங்க போனது மேற்கு பாதை. அவங்களுக்கு வித்த ஏஜென்ட் கப்பல் படத்தையும் விலையையும் காட்டினாரே தவிர பாதை அட்டவணைய காட்டவே இல்ல. மொத நாள் சாயங்காலம் கைடு மேப்ப விரிச்சு இந்த வாரம் எங்கெல்லாம் போறோம்னு விளக்கினப்போ அந்தம்மா முகம் வாடினத பாக்க எனக்கே சங்கடமா போச்சு. கைடு பாவம், அவரால ஒண்ணும் பண்ண முடியாது, பாதைய மீறினா கப்பலோட அனுமதிக்கே பிரச்சன வரும்.

அதனால உங்க வாசகர்கள் யாராவது போறதா இருந்தா இந்த வரிசைல யோசிக்கச் சொல்லுங்க: மொதல்ல என்ன பாக்கணும், அப்புறம் அது எந்த தீவுல எந்த மாசம் இருக்கும், அதுக்கப்புறம் அந்தத் தேதில அந்தப் பாதைல போற கப்பல் எது, கடைசியாத்தான் ரூம், சாப்பாடு எல்லாம். பெரும்பாலானவங்க இத தலைகீழா பண்றாங்க.

மாசத்த பத்தி கட்டுரைல வருஷம் பூரா போகலாம்னு ஒரே வரில முடிச்சிருந்தாங்க. தப்பு இல்ல, போகலாந்தான், ஆனா ரெண்டு பருவத்துக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதில்ல. ஜனவரிலேருந்து மே வரைக்கும் வெயில், நடுவுல நல்ல மழை, கடல் வெதுவெதுப்பா அமைதியா இருக்கும், காஞ்சு கெடந்த தீவெல்லாம் பச்சையாயிடும், கடல் ஆமைகள் கரையேறி முட்டை போடற காலமும் அதுதான். ஜூன்லேருந்து நவம்பர் வரைக்கும் தெற்கேருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த தண்ணிய கொண்டு வரும், வானம் மூடிக்கிட்டு சாரல் மாதிரி தூறும், அத அங்க கருவான்னு சொல்றாங்க. தண்ணி சில்லுனு இருக்கும், 20 டிகிரி பக்கம் எறங்கிடும், மேற்கு பக்கம் அதுக்கும் கீழ போகும், குளிர் தாங்கற வெட்சூட் உடை போடாம ஸ்னார்க்கெல் பண்றது, அதாவது மூச்சுக்குழாய் வெச்சு மெதந்துக்கிட்டே கடலுக்குள்ள பாக்கறது, கஷ்டம். ஆனா அந்தக் குளிர்ந்த தண்ணிலதான் சாப்பாடு ஜாஸ்தி, மீன் ஜாஸ்தி, அதனால கடல் பறவைகளும் பென்குயினும் கடல் சிங்கமும் சுறுசுறுப்பா இருக்கற காலம் அது. நிலநடுக்கோட்டுல பென்குயினான்னு கேக்கறவங்களுக்கு பதில் இந்தக் குளிர்ந்த தண்ணிதான். மேற்குலேருந்து ஆழத்துல ஓடி வர்ற க்ராம்வெல் நீரோட்டம் ஃபெர்னான்டினா சுவர்ல மோதி மேல எழும்புது, சத்தெல்லாம் மேல வருது, பென்குயின் பெரும்பாலும் அந்தப் பக்கமே குடியிருக்கறதுக்கு காரணம் அதுதான்.

ஆகஸ்ட்லேருந்து அக்டோபர் வரைக்கும் கடல் கொந்தளிப்பா இருக்கும்ங்கறதையும் சொல்லணும். எங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கமே இல்ல, இசபெல்லாவோட வடக்கு முனைய சுத்தி வந்தப்போ மேசைல வெச்ச தம்ளர் நிக்கல. வாந்தி வர்ற உடம்புன்னு தெரிஞ்சவங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு மாத்திரை எடுத்துட்டு போங்க, கீழ்த்தளத்துல கப்பலோட நடுப்பகுதில ரூம் கேளுங்க, ரெட்டை அடிப்பகுதி இருக்கற கேட்டமரான் கப்பல்னா ஆட்டம் கொஞ்சம் கம்மி. மேல்தளத்துல ஜன்னல் பெருசா இருக்கற ரூமுக்கு ஜாஸ்தி காசு வாங்கறாங்க, ஆனா ஆடறதும் அங்கதான் ஜாஸ்தி. செப்டம்பர்ல நெறைய கப்பல்கள ரிப்பேருக்கு கரையேத்திடுவாங்க, அந்த மாசம் தேடறவங்க அத மனசுல வெச்சுக்கணும்.

நாள் கணக்க பத்தியும் ஒரு விஷயம். அஞ்சு நாள் டூர்னு போட்டிருந்தா அஞ்சு முழு நாள் கெடையாது. மொத நாள் மதியம் விமானத்துல எறங்கி கப்பலுக்கு போய், சாயங்காலம் ஒரு எடம் பாத்தா அதுவே பெருசு. கடைசி நாள் காலைல ஒரு சின்ன எடம் பாத்துட்டு ஏர்போர்ட்ல விட்டுருவாங்க. நடுவுல மூணு நாள்தான் நெஜமான நாள். நாலு நாள்னா ரெண்டு. எட்டு நாள்னா ஆறு. ஈக்வடார் வரைக்கும் போற விமானச் செலவ பாத்தா நாலு நாள் டூர் எடுக்கறது எனக்கு சரியாப் படல, காசு கொறைச்சலா இருந்தா கப்பல் தரத்த கொறைச்சுக்கிட்டு நாள கூட்டறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நெனைக்கறேன். 16 பேர் ஏறற சாதாரண கப்பல்ல கூட கைடு அதே பூங்கா பயிற்சி எடுத்தவர்தான், தீவும் அதே தீவுதான்.

அப்புறம் கப்பல்லயே தங்கித்தான் ஆகணும்னு கட்டுரைல ஒரு தொனி இருந்துச்சு, அது சரியில்ல. ஜனங்க வாழற தீவு நாலு இருக்கு, சாண்டா க்ரூஸ், சான் க்ரிஸ்டோபல், இசபெல்லா, ஃப்ளோரியானா. அங்க ஊர்ல ரூம் எடுத்து தங்கிட்டு தெனமும் ஒரு படகுல போய் வர்ற மாதிரியும் பண்ணலாம், செலவு நல்லாவே கொறையும். சாண்டா க்ரூஸ் தீவுல இருக்கற புவெர்ட்டோ அயோரா ஊர்லேருந்து பார்டொலோமே, வடக்கு சீமூர், தெற்கு பிளாசாஸ், சாண்டா ஃபே மாதிரி தீவுகளுக்கு ஒரு நாள் டூர் இருக்கு. நீலக்கால் பூபி காலைத் தூக்கித் தூக்கி ஆடறதையும், ஃபிரிகேட் ஆண் பறவை செவப்புத் தொண்டைய பலூன் மாதிரி ஊதிக்கிட்டு உக்காந்திருக்கறதையும் பாக்க வடக்கு சீமூர் போதும். சான் க்ரிஸ்டோபல்லேருந்து கடல்ல நிக்கற கிக்கர் ராக் பாறைக்கும் எஸ்பான்யோலாவுக்கும் கூட ஒரு நாள்ல போய் வர்றாங்க. ஆக அந்தத் தம்பதி ஆசைப்பட்ட ஆல்பட்ராஸ கப்பல் எடுக்காமலே பாத்திருக்கலாம், சொல்லித் தர ஆளில்லாம போச்சு. ஆனா ஃபெர்னான்டினாவும் ஹெனொவேசாவும் ஒரு நாள் படகுல முடியாது, தூரம் ஜாஸ்தி, கப்பல்ல ராத்திரி தூங்கிக்கிட்டே போறவங்களுக்குத்தான்.

ஊர்ல தங்கறவங்க ஒண்ண கவனிக்கணும். தீவுக்கு தீவு போற ஸ்பீட் போட் ரெண்டு மணி நேரம் கிட்ட எடுக்கும், காலைல ஒரு நேரம், மதியத்துக்கு மேல ஒரு நேரம், அவ்வளவுதான், நல்லா தூக்கிப் போடும். சான் க்ரிஸ்டோபல்லேருந்து இசபெல்லாவுக்கு நேரா போட் கெடையாது, சாண்டா க்ரூஸ் வந்து மாறணும், அதுலயே ஒரு நாள் ஓடிரும். ஈக்வடார் கரையிலேருந்து விமானம் வந்து எறங்கற ஏர்போர்ட்டும் ரெண்டு இருக்கு, பால்ட்ராவும் சான் க்ரிஸ்டோபல்லும். ஒண்ணுல எறங்கி இன்னொண்ணுல ஏறற மாதிரி டிக்கெட் போட்டா வந்த வழியே திரும்பற வேலை இல்ல. பால்ட்ராவுல எறங்கறவங்க பஸ், அப்புறம் இட்டபாக்கா கால்வாய்ல சின்ன படகு, அப்புறம் மறுபடி பஸ்ஸோ டாக்ஸியோன்னு மூணு மாறித்தான் ஊருக்கு வரணும், மூட்டைய கம்மி பண்ணுங்க.

கிட்டோ, குவயாகில் ரெண்டு ஊர்லேருந்துதான் தீவுக்கு விமானம். கப்பல் கெளம்பற நாளுக்கு ஒரு நாளாவது முன்னாடி அந்த ஊர்ல வந்து தங்கிடுங்க. விமானம் லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது, பூங்கா குடுத்த நேரப்படி அது போய்த்தான் ஆகணும். விமானம் ஏறறதுக்கு முன்னாடி 20 டாலர் கட்டி ஒரு அட்டை வாங்கணும், பெட்டிய சோதனை பண்ணி சீல் போடுவாங்க. பழம், விதை, செடி, மண் ஒட்டின செருப்பு எதுவும் கூடாது. எனக்கு முன்னாடி நின்ன ஒரு பையனோட மலையேற்ற ஷூவ கவுத்துப் பாத்து, அடில இருந்த பள்ளத்துல ஒட்டியிருந்த காஞ்ச மண்ண ஒரு குச்சியால நோண்டி எடுத்து பையில போட்டுட்டுதான் விட்டாங்க சோதனை பண்ணின அம்மா. அவசரப்படல, கோபப்படல, ஒவ்வொரு பள்ளமா. பாத்துக்கிட்டு நின்ன எனக்கு மனசு நெறஞ்சுது.

ஏன்னா அந்தத் தீவுகள் பட்ட பாடு அப்படி. கப்பல்காரங்க எறக்கிவிட்ட ஆடு பெருகி ஆமை தின்ற புல்ல எல்லாம் மேஞ்சு முடிச்சுது. வட இசபெல்லாவுலயும் சாண்டியாகோ தீவுலயும் ஒரு லட்சத்துக்கும் மேல ஆடுகள ஒழிச்சு 2006-ல முடிச்சாங்க, பல வருஷ வேலை. பின்டா தீவு ஆமை இனத்துல மிஞ்சினது ஒரே ஒரு ஆண், 1971-ல கண்டுபிடிச்சாங்க, ஜோடி தேடித் தேடி பாத்தாங்க, 2012 ஜூன் 24-ஆம் தேதி அதுவும் செத்துப் போச்சு, அந்த இனம் அதோட முடிஞ்சுது. எஸ்பான்யோலாவோட கதை வேற. அங்க மிஞ்சினது 14 ஆமை, 12 பொண்ணு 2 ஆண். அதையெல்லாம் சாண்டா க்ரூஸுக்கு கொண்டு வந்து, சான் டியாகோ மிருகக்காட்சி சாலைல இருந்த டியாகோங்கற ஆண் ஆமையையும் சேத்து இனப்பெருக்கம் பண்ணி ஆயிரத்துக்கும் மேல குட்டிகள மறுபடி தீவுல விட்டாங்க. 2020 ஜூன்ல அந்த 15 பெரிய ஆமைகளையும் சொந்த தீவுக்கே கொண்டு போய் விட்டாச்சு. இத்தன உழைப்பு போட்ட எடத்துக்குள்ள ஒரு ஷூவுல ஒட்டின விதை போனா என்ன ஆகும்னு சோதனை பண்ணின அந்தம்மாவுக்கு தெரியும்.

நுழைவு கட்டணத்த பத்தி கட்டுரைல 100 டாலர்னு இருந்துச்சு. அது பழசு. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதிலேருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு பெரியவங்கன்னா 200 டாலர், 12 வயசுக்கு உள்ள புள்ளைங்களுக்கு 100. எறங்கின ஒடனே கட்டணும், டாலர் நோட்டா கைல வெச்சிருங்க, ஈக்வடார்ல 2000-லேருந்து டாலர்தான் பணம், மாத்தற வேலை இல்ல. ரெட்டிப்பா ஏத்திட்டாங்களேன்னு எங்க கூட வந்தவங்கள்ல சில பேர் வருத்தப்பட்டாங்க. எனக்கு அதுல வருத்தம் இல்ல. 2023-ல மட்டும் மூணு லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க, அத்தன கால் படற எடத்த பாத்துக்க காசு வேணுமே. இன்னும் சொல்லப்போனா கட்டணத்த விட ஆள் எண்ணிக்கைய கட்டுப்படுத்தற விதிகள்தான் அந்த எடத்த காப்பாத்துதுன்னு நான் நம்பறேன், ஒரு கைடுக்கு 16 பேருக்கு மேல கெடையாது, நூறு பேருக்கு மேல ஏறற கப்பல் பூங்காவுக்குள்ள வர முடியாது, காலைல 6 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு அப்புறமும் தீவுல நிக்க முடியாது.

இந்த விதிகள ஒரு எடைஞ்சல் மாதிரி உங்க கட்டுரை எழுதியிருந்தது எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருந்துச்சு. பிராணிகிட்டேருந்து ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும், தொடக்கூடாது, ஃப்ளாஷ் கூடாது, ட்ரோன் கூடாது, பாதைல போட்டிருக்கற குச்சிய தாண்டக்கூடாது, ஆள் இல்லாத தீவுக்கு சாப்பாடு கொண்டு போகக்கூடாது, கைடு இல்லாம எறங்கவே கூடாது. சுதந்திரமா சுத்த முடியாதுன்னு எழுதியிருக்காங்க. அங்க போய் நின்னு பாத்தா தெரியும். ஃபெர்னான்டினாவுல புன்டா எஸ்பினோசான்னு ஒரு கரும்பாறை முனை, அங்க கடல் இகுவானா, உடும்பு மாதிரி இருக்கற பெரிய பல்லி, நூத்துக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்திருக்கும், பாறை எது இகுவானா எதுன்னு மொதல்ல கண்ணுக்கே தெரியாது. குளிர்ந்த தண்ணில முங்கி பாசி மேஞ்சிட்டு வந்து வெயில் காயுதுங்க. உடம்புல சேந்த உப்ப மூக்கு வழியா தும்மித் தள்ளும், சர்ரு சர்ருன்னு அங்கங்க சத்தம், காத்து திரும்பினப்போ அந்த உப்புத் துளி என் கண்ணாடில வந்து விழுந்துச்சு. அதோட தலைல வெள்ளையா படிஞ்சிருக்கறது எல்லாம் காஞ்ச உப்பு. கொஞ்சம் தள்ளி ஒரு நீர்க்காகம் தண்ணிலேருந்து ஏறி வந்து, பறக்கவே உதவாத அந்தக் குட்டை இறக்கைய விரிச்சு காய வெச்சுக்கிட்டு நின்னுச்சு, இறக்கை பிஞ்சுபோன துணி மாதிரி இருந்துச்சு, எங்கள பாத்துட்டு தலைய கூட திருப்பல. மனுஷன கண்டா ஓடணும்னு அதுங்களுக்கு யாரும் கத்துக் குடுக்கல. அந்த நம்பிக்கைய கெடுக்காம வெச்சிருக்கறது அந்த ரெண்டு மீட்டர்தான்.

அங்க வாழற பிராணிகளுக்கு ஏற்கனவே போதுமான கஷ்டம் இருக்கு. எல் நினோ வர்ற வருஷம் தண்ணி சூடாகி பாசி செத்துப் போகும், கடல் இகுவானா பட்டினி கெடக்கும், 1982-83-லயும் 1997-98-லயும் கூட்டங்கூட்டமா செத்துது, பொழச்சதுங்க உடம்பு நீளமே சுருங்கிப் போச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்லியிருக்காங்க. பென்குயினும் அப்படித்தான், மொத்தமே சில ஆயிரத்துக்குள்ள இருக்கற இனம். இவ்வளவு விளிம்புல நிக்கறதுங்க பக்கத்துல போய் செல்ஃபி எடுக்க முடியலன்னு கொறைப்படறத என்னால ஏத்துக்க முடியல.

உடம்பு விஷயமும் திட்டத்துல வரணும். வயசானவங்க போக முடியுமான்னு நெறைய பேர் எங்கள கேட்டாங்க. போகலாம், ஆனா பெரிய கப்பல்லேருந்து சின்ன ரப்பர் படகுல எறங்கித்தான் தீவுக்கு போகணும், அத பாங்கான்னு சொல்றாங்க. எறங்கறது ரெண்டு வகை, ஒண்ணு பாறைலயோ படிலயோ நேரா கால் வைக்கறது, இன்னொண்ணு முழங்கால் தண்ணில குதிச்சு கரைக்கு நடக்கறது. கைய புடிக்கும்போது விரல புடிக்கக்கூடாது, மணிக்கட்ட மணிக்கட்டால புடிக்கணும், வழுக்காது, மொத நாளே சொல்லித் தந்துருவாங்க. எரிமலைப் பாறை கூரா இருக்கும், அதுல மெதுவா நடக்கத் தெரியணும். முட்டி வலி இருக்கறவங்க புக் பண்ணும்போதே கேட்டுக்கிட்டா எந்த எடம் சுலபம் எது கஷ்டம்னு சொல்லுவாங்க. ராட்சத ஆமை பாக்கறதுக்கு கஷ்டமே இல்ல, சாண்டா க்ரூஸோட மேட்டு நிலத்துல புல்லுக்குள்ள நடந்துக்கிட்டிருக்கும், கார்லயே போயிடலாம், அதுவும் குளிர் பருவத்துல பெரிய ஆமைகள் மேட்டுக்கு ஏறி வந்துடறதால நெறைய கண்ணுல படும்.

நீச்சல் தெரியாதவங்க போய் என்ன பண்றதுன்னு விட்டுடாதீங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு பாங்கா ஓரமாவே மெதக்கலாம், என் மனைவி அப்படித்தான் பண்ணாங்க, ஒரு கடல் சிங்கக் குட்டி கீழேருந்து சுத்திச் சுத்தி வந்து அவங்க முகத்துக்கு நேரா குமிழி விட்டுட்டு போச்சு. ஆனா வடக்குக் கோடில இருக்கற டார்வின், வுல்ஃப் தீவுகள் மட்டும் ஸ்கூபா டைவர்களுக்கானது, சுத்தியல் தலைச் சுறாவும் திமிங்கலச் சுறாவும் வர்ற எடம், கரைல எறங்கவே முடியாது, அனுபவம் உள்ளவங்களுக்கு தனி டைவ் கப்பல்தான் போகும். உங்க கட்டுரைல அந்தத் தீவோட படத்த போட்டு கீழ குடும்பத்தோட போகலாம்னு போட்டிருந்தாங்க. அதுலயும் படத்துல இருந்த அந்தக் கல் வளைவு இப்போ இல்ல, டார்வின் ஆர்ச் 2021 மே 17-ஆம் தேதி இடிஞ்சு கடல்ல விழுந்து ரெண்டு தூண்தான் மிச்சம் நிக்குது. இத திருத்தி ஒரு வரி போட்டா நல்லது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த தடவை இந்த மாதிரி எடத்த பத்தி எழுதும்போது கப்பல் ரூம் படத்துக்கு பதிலா ஒரு மேப்பும் ஒரு அட்டவணையும் போடுங்க, எந்த தீவு, எந்த பிராணி, எந்த மாசம், ஒரு நாள் படகுல முடியுமா இல்ல கப்பல்தான் வேணுமா, அவ்வளவு போதும், கால் பக்கத்துல அடங்கிடும். பூங்கா நிர்வாகம் ஒவ்வொரு கப்பலுக்கும் குடுத்திருக்கற பாதைய கம்பெனிகள் நாள்வாரியா வெச்சிருப்பாங்க, காசு கட்டறதுக்கு முன்னாடி அத எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க. பாதை அட்டவணைய தர மறுக்கற ஏஜென்ட்கிட்ட யாரும் புக் பண்ண வேண்டாம்னும் அதுலயே சேத்துருங்க. கட்டணம் 200 டாலர்னு திருத்தம் இந்த வாரமே வந்தா, இப்போ டிக்கெட் தேடிக்கிட்டிருக்கறவங்களுக்கு ஒதவும்.

நன்றியுடன்,
உங்கள் நீண்ட நாள் வாசகர்